மரணப் படுக்கையும் மருத்துவரின் கையும்

கோயம்புத்தூரிலிருந்து ஈரோடு செல்லும் நெடுஞ்சாலையில், பெருந்துறைக்கு அண்மையில், விசயமங்கலம் என்னும் ஊர் உளது. அங்குள்ள பழைய சமணக் கோயிலில், கங்க நாட்டு அமைச்சரும் சிரவணபெளகொளவில் கோமடேசுவரர் சிலையை எழுப்பியவருமான சாமுண்டராயரின் தங்கை உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த செய்தியைக் கூறும் கல் ஒன்று நிற்கிறது. பத்தாம் நூற்றாண்டின் பெயர்களோடு தொடர்புடைய செய்தி அது. சமணர் இதனைச் சல்லேகனை என்பர். சோழன் கோப்பெருஞ்சோழன் இருந்த வடக்கிருத்தலைத் தமிழறிந்தோர் அறிவர். இச்செய்திகளைப் படிக்கும்போது ஒன்று புலப்படும். துறவியர் உளர், சுற்றத்தார் உளர், உடன் உயிர்விடத் துணிந்த நண்பரும் உளர். மருத்துவனுக்கு மட்டும் அங்கே இடமில்லை. சாவைத் தேடிக்கொள்வது சமயத்தின் அல்லது மானத்தின் செய்தியாக இருந்ததேயன்றி, மருத்துவத்தின் செய்தியாக இருந்ததில்லை.

இன்றோ அவ்விடத்தில் மருத்துவரை நிறுத்தியிருக்கிறோம். தீரா நோயாளி கேட்டுக்கொண்டால் அவருடைய உயிரை முடித்துவைக்க மருத்துவர் உதவலாமா என்பது உலக நாடுகள் பலவற்றில் சட்டமன்றங்கள்வரை சென்றுவிட்ட வினா. 'கருணைக் கொலை' என்னும் சொல்லால் நம் நாளேடுகள் இதனைக் குறிக்கின்றன. அச்சொல் நல்ல சொல்லன்று. வெவ்வேறான இரு செயல்களை அஃது ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறது. நஞ்சு மருந்தைச் செலுத்தி உயிரைப் போக்குவது ஒன்று. பயனற்றுப்போன சிகிச்சையை நிறுத்திக்கொள்வது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேலியை மருத்துவர்கள் எவ்வாறு காத்து வந்தனர், எங்கே அதனைக் காக்கத் தடுமாறுகின்றனர் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் பக்தாது நகருக்குச் செல்வோம். அப்பாஸிய கலீபா முதவக்கிலின் ஆட்சி (847–861). கிரேக்க மருத்துவ நூல்களை அரபுக்குக் கொண்டுவந்த பேரறிஞர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் அரண்மனை மருத்துவராயிருந்தார். அவர் கிறிஸ்தவர். ஒருநாள் கலீபா அவரை அழைத்து, தம் பகைவன் ஒருவனை மறைவாகக் கொல்ல நஞ்சு ஒன்று செய்துதருமாறு பணித்தார். பரிசும் வாக்களித்தார். தாம் பயன்தரும் மருந்துகளை மட்டுமே கற்றிருப்பதாக ஹுனைன் விடைபகர்ந்தார். அச்சுறுத்தியும் இணங்கவில்லை. ஓராண்டுச் சிறை. சிறையில் அவர் மொழிபெயர்ப்பு வேலையைத் தொடர்ந்து செய்துகொண்டிருந்தார் என்பர். மீண்டும் அவையில் நிறுத்தி, ஒரு பக்கம் செல்வத்தையும் மறுபக்கம் வாளையும் வைத்துக் கேட்டபோதும் மறுப்பே விடை. எது தடுக்கிறது என்று கலீபா வினவினார். இரண்டு தடுக்கின்றன என்றார் ஹுனைன்: என் சமயம் பகைவனுக்கும் நன்மை செய்யச் சொல்கிறது; என் தொழிலோ மனித குலத்தின் நலனுக்காக ஏற்பட்டது, கொல்லும் மருந்தை எவருக்கும் தரமாட்டோம் என்று எம்மவர் ஆணையிட்டுள்ளனர். தாம் சோதித்ததாகவே கூறிய கலீபா அவரைச் சிறப்பித்தார்.

ஹுனைன் குறிப்பிட்ட ஆணை, கிரேக்க மருத்துவர் புக்ராத்தின் பெயரால் வழங்கும் உறுதிமொழி. ஆங்கிலம் படித்தோர் அவரை ஹிப்பாக்ரடீஸ் என்பர். யார் கேட்டாலும் உயிர்போக்கும் மருந்தைத் தரமாட்டேன், அதற்கு வழியும் சொல்லமாட்டேன் என்பது அதன் உட்கருத்து. 'யார் கேட்டாலும்' என்பதில் நோயாளியும் அடக்கம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் திமிஷ்கு நகரத்து இப்னு அபீ உஸைபிஆ மருத்துவர்களின் வரலாற்றை எழுதியபோது இந்த உறுதிமொழியைத் தம் நூலில் அரபில் பதிந்துவைத்தார். கிரேக்கர் சொன்னதை முஸ்லிம் மருத்துவர் தயக்கமின்றி ஏற்றதற்குக் காரணம், மார்க்கம் அதனை முன்னரே சொல்லியிருந்ததுதான். காயத்தின் வேதனை பொறாமல் கத்தியால் தன் கையை அறுத்துக்கொண்டு, குருதி நிற்காமல் மாண்ட முற்காலத்து மனிதனைப் பற்றிப் பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்த நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. துன்பத்தின் காரணமாக மரணத்தை விரும்பவேண்டாம் என்றும், வேறு வழியில்லையேல், வாழ்வு நலமாயின் வாழ்வையும் மரணம் நலமாயின் மரணத்தையும் தருமாறு இறைவனிடமே கேட்கவேண்டும் என்றும் அவர்கள் கற்பித்தார்கள். பின்னதில் உள்ள பரிவை நாம் கவனிக்க வேண்டும். வேதனையில் கிடப்பவனின் வாயை அந்த நபிமொழி அடைத்துவிடவில்லை.

ஆயினும் 'கொல்லாதே' என்பது மட்டுமே மருத்துவரின் கடமையாகிவிடாது. உமர் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 23-இல் (கி.பி. 644) குத்துண்டு கிடந்தபோது மருத்துவர் வந்தார். பழச்சாறு புகட்டினார், அது காயத்தின் வழியே வெளிவந்தது. குருதியோ சாறோ என்ற ஐயம் எழ, பால் புகட்டினார்; அதுவும் வெண்மையாகவே வெளிவந்தது. அமீருல் மூமினீன் அவர்களே, மரண சாசனம் செய்துகொள்ளுங்கள் என்றார் அம்மருத்துவர். உண்மை சொன்னாய், வேறு சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன் என்னும் கருத்துப்பட உமர் (ரலி) அவர்கள் கூறினார்கள். அடுத்த கலீபாவைத் தேர்ந்தெடுக்கும் அறுவர் குழுவை அவர்கள் அமைத்ததும், கடன்களைத் தீர்க்க ஏற்பாடு செய்ததும் அந்தப் படுக்கையிலிருந்துதான். மருத்துவர் மறைத்திருந்தால்? இதற்கு மாறாக, பெரும் மருத்துவர் ராஸி (மறைவு ஏறத்தாழ 925), தமக்கே நம்பிக்கை இல்லாவிடினும் நோயாளிக்கு நலம் பெறும் நம்பிக்கையை ஊட்டுக என்று மருத்துவர்க்கு அறிவுறுத்தினார். உடல் மனத்தைப் பின்பற்றும் என்பது அவர் காரணம். இவ்விரு வழிகளும் இன்றுவரை மருத்துவமனைகளில் மோதிக்கொண்டுதான் இருக்கின்றன. ராஸியின் சொல்லுக்கு நான் மதிப்புக் கொடுப்பவன். ஆனால் சாசனம் எழுதவேண்டிய மனிதனிடம் நான் உமர் (ரலி) அவர்களின் மருத்துவரையே அனுப்புவேன்.

இனிச் சட்டநூலார் வகுத்த வேலிக்கு வருவோம். இமாம் கஸ்ஸாலி (ரஹ், மறைவு ஹிஜ்ரி 505) அவர்கள் தம் இஹ்யாவில், தீங்கை அகற்றும் காரணங்களை மூவகையாகப் பிரிக்கிறார்கள். தாகத்துக்குத் தண்ணீரும் பசிக்கு ரொட்டியும் போல் உறுதியாகப் பயன்தருவன ஒருவகை. மருந்தும் குருதி வாங்குதலும் போலப் பயன்தரும் என்று கருதத்தக்கன மற்றொரு வகை. வெறும் ஊகமானவை மூன்றாம் வகை. முதல்வகையை விட்டுச் சாவது தவக்குல் ஆகாது, ஹராமாகும். இரண்டாம் வகையை விடுவது குற்றமன்று. சில நிலைகளில் விடுவதே மேலாகவும் இருக்கலாம். நோய் நாட்பட்டது, மருந்தின் பயன் ஐயத்துக்குரியது என்னும் நிலையை அவ்வாறு விடுவதற்கான காரணங்களுள் ஒன்றாக அவர்கள் எண்ணுகிறார்கள். நம் கொங்கு நாட்டு இராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனபி மத்ஹபினராதலால், ஔரங்கசீப் காலத்தில் இந்த மண்ணிலேயே தொகுக்கப்பட்ட பத்தாவா ஆலம்கீரியையும் சொல்லிவிடுகிறேன். அதுவும் இதே பிரிவினையை எடுத்தாள்கிறது. உண்ணாமல் கிடந்து செத்தவன் பாவியாவான். மருந்துண்ணாமல் இறந்தவன் பாவியாகான் என்பது ஹனபி நூல்களின் முடிவு. விசயமங்கலத்துக் கல்லுக்கும் நம் மார்க்கத்துக்கும் வழி பிரியுமிடம் இதுதான்.

கொங்கு நாட்டின் பழைய நாட்டு வைத்தியரும், நம் ஊர்களிலிருந்த ஹகீம்களும் இந்த வேலியை நூல் கற்றோ கல்லாமலோ அறிந்தே இருந்தனர். நாடி பிடித்துப் பார்த்து, திண்ணைக்கு வந்து, சொந்தபந்தங்களுக்குச் சொல்லி விடுங்கள் என்பார் வைத்தியர். 'வைத்தியர் கைவிரித்துவிட்டார்' என்ற தொடர் அப்படித்தான் பிறந்தது. விரித்த கையில் மருந்து இல்லை; நஞ்சும் இல்லை. அதன்பின் வீட்டார் வாயில் தண்ணீர் தொட்டுவைத்து, யாசீன் ஓதி, கலிமாவை நினைவூட்டிக்கொண்டு அமர்ந்திருப்பர். தென் மாவட்டச் சிற்றூர்கள் சிலவற்றில் முதியோரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி இளநீர் புகட்டிச் சாகவிடும் 'தலைக்கூத்தல்' என்னும் கொடுமை 2010-ஆம் ஆண்டளவில் செய்தித்தாள்களில் வெளிவந்து நாடே திடுக்கிட்டது. அது முதியவர் கேட்டுப் பெற்ற சாவன்று. வீட்டார் முடிவுசெய்த சாவு. 'உதவி' என்னும் பெயர் எவ்வளவு எளிதில் புரண்டுபோகும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

பழைய வேலி சிக்கலானது ஒரு கருவியால். 1952-இல் டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் கடுமையாகப் பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளிகளுக்குத் தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, மருத்துவ மாணவர்கள் நூற்றுக்கணக்கானோர் முறைவைத்து இரவும் பகலும் பையை அமுக்கி மூச்சூட்டினர். மயக்க மருத்துவர் பியோர்ன் இப்சன் காட்டிய வழி அது. கையின் வேலையை எந்திரம் ஏற்றது. அடுத்த ஆண்டே தீவிர சிகிச்சைப் பிரிவு பிறந்தது. எத்தனையோ உயிர்களை அந்த வென்டிலேட்டர் மீட்டது, இன்றும் மீட்கிறது. ஆனால் மூளை முற்றும் செத்த உடலிலும் அது நெஞ்சை ஏறி இறங்கச் செய்தது. ஐந்தாண்டுக்குள், 1957-இல், ஐரோப்பிய மயக்க மருத்துவர்கள் திகைத்துப்போய் ரோமாபுரியின் போப் பன்னிரண்டாம் பயஸிடம் விளக்கம் கேட்டனர். வழக்கமான சிகிச்சைகளே கடமை, வழக்கத்தை மீறியவை கடமையல்ல என்றார் அவர். கஸ்ஸாலி இமாமின் ரொட்டியும் மருந்தும் வேறு உடையில் வந்ததுபோல் எனக்குத் தோன்றும்.

கோவையில் குப்புசாமி நாயுடு நினைவு மருத்துவமனை தோன்றியதும் அதே 1952-இல்தான். 1966-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. பின்னர் பூ.சா.கோ. மருத்துவக் கல்லூரி, 1990-இல் கோவை மெடிக்கல் சென்டர் என்று வளர்ந்து, பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம், கரூர் மட்டுமின்றிப் பாலக்காட்டு மக்களுக்கும் கோவை மருத்துவத் தலைநகராயிற்று. இதனால் விளைந்த நன்மை சொல்லி முடியாது. கூடவே ஒரு வினாவும் வளர்ந்தது. மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் என்போன்றோரிடம் தொலைபேசியில் அவ்வினா வந்து சேரும்: "ஹஜ்ரத், அத்தாவை வீட்டுக்குக் கூட்டிப் போறதுன்னா எங்களையே கையெழுத்துப் போடச் சொல்றாங்க. போட்டா நாங்க கொன்னதா ஆயிருமுங்களா?"

இந்தக் கையெழுத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். மருத்துவரின் அறிவுரையை மீறி அழைத்துச் செல்கிறோம் என்று எழுதப்பட்ட தாள் அது. இந்திய மருத்துவமனைகளில் பரவலாக நடப்பது இதுவே. இனிப் பயனில்லை என்று மருத்துவருக்குத் தெரியும். அதனை வாயாலும் சொல்லியிருப்பார். ஆனால் அவரே கருவியை அகற்றினால் நாளை வழக்கு வருமோ என்ற அச்சம். எனவே மருத்துவர் செய்த முடிவு, மகன் செய்த முடிவாகத் தாளில் ஏறிவிடுகிறது. ஆம்புலன்சில் பையை அமுக்கிக்கொண்டே ஊர் வந்து, வீட்டுக் கூடத்தில் குழாய் எடுக்கப்படும். வலி தணிக்க ஊசியில்லை, மூச்சுத் திணறலுக்கு மருந்தில்லை. மகனின் மனத்திலோ ஆயுளுக்கும் ஆறாத ஐயம். பழைய வைத்தியர் கைவிரித்தபோது பொறுப்பைத் தாமே ஏற்றார். தாள் அப்பொறுப்பைக் கைமாற்றிவிடுகிறது. மருத்துவரை மட்டும் குறைகூறவும் என்னால் இயலவில்லை. அவரை அவ்வாறு அஞ்சவைத்த சட்டத்தின் கதையையும் பார்க்க வேண்டும்.

1996-இல் கியான் கவுர் வழக்கில், வாழும் உரிமைக்குள் சாகும் உரிமை அடங்காது என்று உச்சநீதிமன்ற அரசியல் சாசன ஆயம் தீர்ப்பளித்தது. இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-இல் வகுத்த ஒழுக்க விதிகள் கருணைக் கொலையை ஒழுக்கக்கேடு என்று அறிவித்தன. மூளைச்சாவுக்குப் பின் கருவியை அகற்றுவதைக்கூடத் தனி மருத்துவர் முடிவுசெய்யலாகாது, குழுவே முடிவுசெய்ய வேண்டும் என்றன. அடுத்து வந்தது மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் செவிலியர் அருணா ஷான்பாக்கின் வழக்கு. 1973 நவம்பர் 27 அன்று பணியிடத்திலேயே கொடியவன் ஒருவனால் தாக்கப்பட்டு, மூளை சிதைந்து, உணர்விழந்த நிலையில் அதே மருத்துவமனையில் கிடந்தார். எழுத்தாளர் பிங்கி விரானி, உணவூட்டுவதை நிறுத்தி அவரை அமைதியாக இறக்கவிட வேண்டும் என்று உச்சநீதிமன்றம் சென்றார். அவர் மனத்தில் இருந்ததும் இரக்கமே. ஆனால் கே.இ.எம். மருத்துவர்களும் செவிலியரும் எதிர்த்தனர். அருணா மூச்சுக் கருவியில் இல்லை. மசித்த உணவை விழுங்கிக்கொண்டிருந்தார். தலைமுறை தலைமுறையாகச் செவிலியர் அவரைக் குளிப்பாட்டி, உணவூட்டி, படுக்கைப் புண் வராமல் காத்தனர். 2011 மார்ச் 7 அன்று நீதிமன்றம் மனுவை மறுத்தது; அவருக்கு உற்ற துணை அந்த மருத்துவமனை ஊழியரே என்றது. அதே தீர்ப்பில், உயர்நீதிமன்ற ஒப்புதலோடு சிகிச்சையை நிறுத்தலாம் என்ற வழியையும் திறந்தது. 2015 மே 18 அன்று நிமோனியா காய்ச்சலால் அருணா இறந்தார். ஏறத்தாழ 42 ஆண்டுகள்!

அச்செவிலியர் எந்தப் பிக்ஹு நூலையும் படித்தவர் அல்லர். எனினும் ரொட்டிக்கும் மருந்துக்கும் இடையிலுள்ள கோட்டில்தான் அவர்கள் நின்றார்கள். குழாய் வழி ஊட்டும் உணவு இவற்றுள் எதைச் சாரும் என்பதில் இக்கால உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உடல் ஏற்கும்வரை உணவை நிறுத்தலாகாது என்பதே என் எண்ணம். உடலே மறுக்கும் கடைசி நாட்களில் வலிந்து திணிப்பது வேறு. நோயாளியை உண்ணவும் பருகவும் வற்புறுத்தாதீர்கள் என்ற நபிமொழி திர்மிதியில் இருப்பதை நம் வீட்டுப் பெண்கள் அறிந்தால் அவர்கள் மனம் ஆறும்.

2018 மார்ச் 9 அன்று 'காமன் காஸ்' வழக்கில் ஐவர் ஆயம், பயனற்ற சிகிச்சையை மறுக்கும் உரிமையையும், அதனை முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையையும் ஏற்றது. ஊசியிட்டு உயிர்போக்குவதை அது ஏற்கவில்லை. ஆனால் வகுத்த நடைமுறையோ மாஜிஸ்திரேட்டு, மாவட்டக் கலெக்டர், இரண்டு மருத்துவக் குழுக்கள் என்று நீண்டுகிடந்தது. இது நடவாத காரியம் என்று நீதிமன்றம் சென்றவர்கள் தீவிர சிகிச்சை மருத்துவர்களின் சங்கத்தாரே. 2023 ஜனவரியில் நடைமுறை எளிதாக்கப்பட்டது. எழுதிவைக்கும் சாசனத்துக்கு நோட்டரி அல்லது கெசட்டெட் அதிகாரியின் சான்று போதும்; மருத்துவமனையின் முதற்குழுவும், மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒருவர் அடங்கிய இரண்டாம் குழுவும் ஏறத்தாழ 48 மணி நேரத்தில் ஒவ்வொன்றும் முடிவு கூறவேண்டும். 2024 செப்டம்பரில் மத்திய அரசு வரைவு நெறிமுறைகளை வெளியிட்டபோது, இந்திய மருத்துவச் சங்கத் தலைவர் எதிர்ப்புத் தெரிவித்தார். நோயாளியின் வீட்டாரும் மருத்துவரும் நம்பிக்கையின்பேரில் எடுக்கும் முடிவுகளைச் சட்டத்தின் கண்காணிப்பில் வைப்பது மருத்துவர்களுக்கு மன அழுத்தத்தையே தரும் என்றார். ஆக, மருத்துவர் உலகிலேயே ஒரு சாரார் எழுத்து வேண்டும் என்கின்றனர். மற்றொரு சாரார் எழுத்தே ஆபத்து என்கின்றனர். கொல்லும் ஊசி வேண்டும் என்று இவ்விரு சாராரும் கேட்கவில்லை என்பதை மறந்துவிடலாகாது.

முஸ்லிம் உலகத்து மருத்துவரும் அறிஞரும் இதற்கு முன்னரே கூடி முடிவு கண்டனர். 1981-இல் குவைத்தில் வெளியான இஸ்லாமிய மருத்துவ ஒழுக்கச் சாசனம், இரக்கத்தின் பெயரால் கொல்வதை மறுத்தது. மருத்துவர் காக்கவேண்டியது வாழ்வையேயன்றிச் சாவின் நீட்சியை அன்று என்றும் கூறியது. 1986 அக்டோபரில் அம்மானில் கூடிய சர்வதேச பிக்ஹு மன்றம், மூளை முற்றாக, மீளாவகையில் செயலிழந்ததை வல்லுநர் உறுதிசெய்தால் கருவியை அகற்றலாம் என்றது. அடுத்த ஆண்டு மக்காவில் கூடிய ராபிதாவின் மன்றமும் அகற்றலை ஏற்றது. ஆயினும் இதயம் நின்ற பின்னரே மௌத்து என்று கொள்ளவேண்டும் என்றது. இத்தா, வாரிசுரிமை போன்றவற்றைக் கணக்கிட இவ்வேறுபாடு தேவைப்படும்.

மேலைநாட்டு மருத்துவரின் போக்கு வேறு திசையில் செல்கிறது. நெதர்லாந்தின் மருத்துவச் சங்கம் 1984-இலேயே நிபந்தனைகளோடு கருணைக் கொலைக்கு இணங்கியது. 2002-இல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் 2021-இல் எதிர்ப்பை விட்டு நடுநிலை ஏற்றது. உலக மருத்துவச் சங்கமோ 2019-இல் திபிலீசியில் தன் எதிர்ப்பை மீண்டும் உறுதிசெய்தது.

இங்கு ஒரு வினா எஞ்சுகிறது. சாகவேண்டும் என்று கேட்பவர் உண்மையில் எதனைக் கேட்கிறார்? புற்றுநோய்ப் படுக்கைகளின் அருகே இருந்தவர்க்கு விடை தெரியும். அவர் கேட்பது பெரும்பாலும் வலியினின்று விடுதலை. அந்த வலிக்கு மருந்து மார்ஃபின். அது அபினியிலிருந்து கிடைப்பது. அபினி விளையும் நாடு நம்முடையது. ஆயினும் 1985-இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் உரிமச் சிக்கல்களால், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் நாட்டின் மார்ஃபின் பயன்பாடு நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் சரிந்தது. நீமச்சிலும் மந்த்சோரிலும் விளைந்தது கடல்கடந்து போக, நம் நோயாளி சுவரைப் பிறாண்டிக்கொண்டு கிடந்தான். 2014-இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. போதை தருவது ஆகுமா என்று சிலர் என்னிடம் கேட்பதுண்டு. அழுகிய கையை வெட்டுவதற்காக அறிவை மயக்கும் மருந்து கொடுப்பது கூடும் என்பதே சரியான கருத்து என்று ஷாபிஈ இமாம்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டார்கள். அவசியத்துக்கு ஹனபிகளிடமும் வழி உண்டு.

இவ்வகையில் நமக்கு வழிகாட்டியது பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பாலுள்ள மலபார். 1993-இல் கோழிக்கோட்டு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் எம். ஆர். இராசகோபால் முதலியோர் வலி தணிப்புச் சங்கத்தைத் தொடங்கினர். தீராத நோயென்று கைவிடப்பட்டவரின் வீட்டுக்கே சென்று, வலியைத் தணித்து, புண்ணைக் கழுவி, அருகிருந்து பேசும் மருத்துவம் அது. பின்னர் ஊர் மக்களே, அவருள் மாப்பிள்ளை முஸ்லிம்கள் பெருந்திரளாக, பள்ளிவாசல் வாசலிலும் கடைத்தெருவிலும் காசு திரட்டி அதனை நடத்தினர். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுக்கையில் கிடப்போர்க்கு வீட்டிலேயே வலி தணிப்புச் சேவை தருவதும் சேர்க்கப்பட்டது. உடுமலைக்கோ தாராபுரத்துக்கோ தந்தையைத் திரும்ப அழைத்துவரும் மகன், கையெழுத்திடுமுன் மருத்துவரிடம் கேட்கவேண்டியவை இரண்டு உண்டு. இந்த முடிவை உங்கள் குழு எழுதித் தருமா என்பது ஒன்று. வீட்டில் வலி வந்தால் கொடுக்க என்ன மருந்து எழுதித் தருகிறீர்கள், எந்தச் செவிலியர் வருவார் என்பது மற்றொன்று.